தினம் ஒரு வரி எழுதி வெளியிடும் ஊர் எது, தெரியுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஓர் ஊர். அந்த ஊர் இணையத்தில் ஒரே ஒரு வரி எழுதுகிறது. அதை வாசிக்க மலைமேல் தோட்டக்காரர் காத்திருக்கிறார், கீழே கமிஷன் கடைக்காரர் காத்திருக்கிறார், வடக்கே மொத்த வியாபாரி காத்திருக்கிறார். நாள் தவறாமல் எழுதும் பெரிய எழுத்தாளர்களுக்குக்கூட இப்படி ஒரு வாசகர் கூட்டம் அமைவது கடினம்! அந்த ஊர் எது தெரியுமா? தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். அந்த வரி என்ன தெரியுமா? அன்றைய ஏலக்காய் விலை!

சிரிக்க வேண்டாம். நறுமணப் பொருள் வாரியத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். ஏலம் நடந்த தேதி, நடத்திய நிறுவனம், லாட் எத்தனை, வரத்து எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை. மொத்தம் ஏழே கட்டங்கள். முன்னுரை கிடையாது. “வேலைப்பளுவால் சில வாரங்களாக எழுத முடியவில்லை, நண்பர்கள் மன்னிக்க வேண்டும்” என்ற அசட்டு வாக்கியமும் கிடையாது. தினமும் எழுதி இணையத்தில் வெளியிட வேண்டும் என்று ஜனவரி 1-ஆம் தேதி சபதம் எடுத்துப் பொங்கலுக்குள் கைவிடும் நம்மில் பலருக்கும் இந்த ஏழு கட்டங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைக்கச் சொல்வேன்.

அந்த ஒரு வரி எப்படிப் பிறக்கிறது என்பதே ஒரு கூத்து. ஏலம் என்றதும் சுத்தியலும் “ஒரு தரம், இரண்டு தரம்” சத்தமும் நினைவுக்கு வருகிறதா? போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் உள்ள புற்றடியிலும் இப்போது நடப்பது மின்னணு ஏலம். வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வியாபாரி. லாட்டின் சாம்பிள் கைக்கு வரும். உள்ளங்கையில் கொட்டிப் பச்சை நிறம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார், காயை உருட்டிப் பருமன் பார்ப்பார், ஒன்றைப் பிளந்து உள்ளே விதை கறுப்பாக நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குள் திரையில் விலை ஏறத் தொடங்கியிருக்கும். பிறகு ஓரிரு விரல் தட்டல், லாட் முடிந்தது, அடுத்தது! யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்பதற்கெல்லாம் இடமே இல்லை. ஏலம் முடிந்த சூட்டில் விலை ஊருக்குள் இறங்கிவிடும்.

“அண்ணே, இன்னைக்கு எம்புட்டுண்ணே?”

“நேத்தவிடக் கொஞ்சம் எறக்கந்தாம்ப்பா. காயும் அம்புட்டு நல்லா இல்ல.”

டீக்கடையில் இந்த இரண்டு வாக்கியம் போதும். அன்றைய பதிப்பு வெளியாகி, விமர்சனமும் முடிந்துவிட்டது!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனித்தீர்களா? கட்டங்களில் அதிகபட்ச விலையும் உண்டு, சராசரி விலையும் உண்டு. 2018 கேரள வெள்ளத்துக்கும் அதன் பிறகு வந்த வறட்சிக்கும் பின், 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. நாடெங்கும் அதுதான் செய்தி! ஆனால் அந்த 7,000 அன்றைய அதிகபட்சம் மட்டுமே. சராசரி அதற்கு வெகு கீழே. தோட்டக்காரர் வீட்டு அடுப்பு எரிவது சராசரியில்தான். எழுத்தும் அப்படியே என்பது என் கட்சி. ஒரு நாள் எழுதியது ஊரெல்லாம் பகிரப்பட்டது என்று மயங்கி, மறுநாளும் அதே உயரத்துக்கு எழுத வேண்டும் என்று காத்திருந்து காணாமல் போனவர்கள் எத்தனை பேர்!

சரி, தமிழில் தினமும் எழுதி இணையத்தில் வெளியிடுவது எவ்வளவு தூரம் போகும்? மலைக்க வேண்டாம், கணக்கைக் கேளுங்கள். 2013 கிறிஸ்துமஸ் நாளில் எழுத்தாளர் ஜெயமோகன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதப் போகிறேன், தினமும் ஓர் அத்தியாயம். 2014 ஜனவரி 1-ஆம் தேதி ‘வெண்முரசு’ தொடங்கியது. முதல் நாவல் ‘முதற்கனல்’. கடைசி நாவல் முடிந்தது எப்போது தெரியுமா? 2020 ஜூலையில்! ஆறரை ஆண்டுகள், 26 நாவல்கள், 20,000 பக்கங்களைத் தாண்டிய எழுத்து. ஒரு நாவலுக்கும் அடுத்த நாவலுக்கும் நடுவே சிறிது இடைவெளி விடுவார். தொடங்கிவிட்டால் நாளுக்கு ஓர் அத்தியாயம். அச்சகமோ பத்திரிகை ஆசிரியரோ பக்க அளவோ குறுக்கே நிற்காத சொந்தத் தளம் என்பதால்தான் இது நடந்தது. எந்த வார இதழ் இவ்வளவுக்கு இடம் கொடுத்திருக்கும்?

அதோடு விட்டாரா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏலக்காய் ஏலமே நின்று, அந்த ஏழு கட்டங்களும் காலியாகக் கிடந்த நாட்கள் அவை. நாகர்கோவிலில் வீட்டுக்குள் இருந்தபடி இந்த மனிதர் ‘புனைவுக் களியாட்டு’ என்று தளத்தில் சிறுகதைகள் எழுதத் தொடங்கினார். அவை நூறைத் தாண்டிப் போயின! பிடித்தது பிடிக்காதது வேறு விஷயம். தமிழில் இப்படியும் ஒரு கை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

எல்லோரும் மகாபாரதம் எழுத வேண்டியதில்லை. எழுத்தாளர் என். சொக்கன் ‘தினம் ஒரு பா’ என்று நாளுக்கு ஒரு பழந்தமிழ்ப் பாட்டை எடுத்து, எளிய விளக்கத்தோடு தன் தளத்தில் போட்டு வந்தார். ஒரு பாட்டு, கொஞ்சம் உரை. பள்ளிப் பிள்ளையும் வாசிக்கலாம்.

இப்போது ஒரு தாவரவியல் ஆச்சரியம். ஏலச்செடியின் பூ எங்கே பூக்கும்? இலைகளுக்கு நடுவே, ஆளுயரத்துக்கு மேலே என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரங்களில்தான் பூ. அதனால்தான் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டியிருக்கிறது. விடியலில் விரியும் ஒரு பூவின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். அதற்குள் தேனீ வந்தால் காய், வராவிட்டால் உதிர வேண்டியதுதான். அந்தக் காய் முற்ற ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். இன்னும் விசேஷம், ஒரே சரத்தில் ஒரே நேரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பறிக்கப் பக்குவமான காயும் இருக்கும். ஆகவே ஒரே மூச்சில் அறுவடை என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்குவமானதை மட்டும் எடுத்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். ஒரு பருவத்தில் இப்படி ஆறேழு சுற்று! தினமும் எழுதுகிறவரின் குறிப்பேடும் இந்தச் சரந்தான். இன்று வெளியிடக்கூடிய ஒரு பத்தி, இன்னும் முற்றாத மூன்று, வெறும் பூவாக ஒரு தலைப்பு, எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். முற்றியதை எடுங்கள், மற்றதை விடுங்கள். பிஞ்சைப் பறித்தால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காயும்போது சுருங்கிவிடும் என்று தோட்டத்தில் எவரும் சொல்வார்.

ஸ்டோர் என்றதும் நினைவு வருகிறது. ஒரு கிலோ காய்ந்த ஏலக்காய்க்கு எவ்வளவு பச்சைக்காய் வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 5 கிலோ! ஐந்தில் நான்கு பங்கு ஆவியாகப் போய்விடுகிறது. எழுதியதையெல்லாம் அப்படியே ஏற்றிவிடுகிறவர்கள் கவனிக்க.

சரி, தினமும் எழுதுவது பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? “21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்குமே, அது எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்திலிருந்து! மூக்கையோ முகத்தையோ திருத்திக்கொண்டவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் எழுதினார். ‘குறைந்தது’ எப்படியோ வழியில் உதிர்ந்துவிட்டது. மூக்குக்குச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் ஆகிவிட்டது!

உண்மையில் அளந்து பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி. அவரும் சகாக்களும் 96 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்னச் செயலைத் தேர்ந்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், காலைச் சாப்பாடு முடிந்ததும் என்பதுபோல, 12 வாரம் செய்ய வேண்டும். யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வேறுபாடு எவ்வளவு தெரியுமா? ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்குக் கணக்கிட்டால் 254 நாள்! அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறு. நடுவே ஒரு நாள் தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது. நேற்று எழுதவில்லையே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருக்கலாம்.

நாள்தோறும் எழுதிய இன்னொருவர், அந்தோணி டிரோலப். விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியர், ஆனால் பிழைப்பு தபால் துறையில். விடியற்காலை 5.30-க்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதுவார்! தன்னைக் காபியோடு எழுப்புவதற்காகவே வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். மொத்தம் 47 நாவல்கள். 1883-இல், அவர் இறந்த பிறகு வெளியான தன்வரலாற்றில் இந்த ரகசியமெல்லாம் வெளிவந்ததும் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கலைஞன் கடிகாரம் பார்க்கலாமா என்று! பார்க்கலாம். தாராளமாகப் பார்க்கலாம்.

டிரோலப்புக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே நம்மவர் ஒருவர் இதைச் செய்து காட்டிவிட்டார். புதுச்சேரியில் துபாஷியாகவும் வியாபாரியாகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரி வரை, சுமார் 25 ஆண்டுகள் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, மரியாதைக்கு எத்தனை குண்டு போட்டார்கள், என்ன சரக்கு, கவர்னர் துய்ப்ளேக்ஸ் யாரிடம் எரிந்து விழுந்தார், அத்தனையும்! புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார். வியாபாரியின் கை என்பதைக் கவனிக்க வேண்டும். வரவு செலவு எழுதிப் பழகிய கைக்கு, அன்றன்று எழுதிவிட வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போடி கடைவீதியில் பேரேடு எழுதுகிற கணக்குப்பிள்ளைகளுக்கு இது இன்றும் புரியும்.

எதை எழுதுவது, எங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? போடியில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி!

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது தெரியுமா? அதை இழுத்தது இயந்திரமல்ல, மாடுகள்! 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குறுகிய ரயில்பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்தது. குரங்கணியிலும் கொட்டகுடியிலும் இதைப் பற்றித் தாத்தா சொன்ன கதை ஒன்றாவது இல்லாத வீடு இருக்குமா? அதில் எத்தனை தமிழில் இணையத்தில் இருக்கின்றன?

மதுரை–போடி ரயில் 1928-இல் வந்தது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் 15-ஆம் தேதிதான் மீண்டும் போடிக்குள் நுழைந்தது. இடைவெளி 12 ஆண்டுக்கு மேல்! நீலக்குறிஞ்சி பூக்கிற கணக்கு! அந்த 12 ஆண்டில் ரயிலையே பார்க்காமல் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் முதல் ரயிலைப் பார்த்த நாளை யாராவது எழுதி வைத்தார்களா?

போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகள் எல்லோரும் படம் பிடித்துப் போட்டது. நான் கேட்பது வேறு. விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் சாலையோரம் சாப்பாட்டுத் தூக்கோடு பெண்கள் நிற்பார்கள். ஜீப் வரும். மாநில எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய், வேலை முடித்து, இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்புவார்கள். நாள்தோறும் இரண்டு மாநிலம்! இதில் ஒரு ஜீப்பில், ஒரு பயணத்தில், என்ன பேச்சு நடந்தது என்பதை மட்டும் எழுதினாலே ஆண்டு முழுக்கச் சரக்கு உண்டு. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படம் 2018-இல் வந்தபோது ஊரே உட்கார்ந்து பார்த்தது இந்த வாழ்க்கையைத்தான்.

இன்று இந்த மலைகளில் பரவலாகப் பயிராகிற ‘ஞள்ளானி’ ஏலச்செடி எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது தெரியுமா? எந்தக் கூடத்திலும் இல்லை! கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்துச் செடிகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஏலக்காய் விளைச்சலில் பல ஆண்டுகளாக உலகின் முதலிடத்தில் இருந்துவந்தது எந்த நாடு? இந்தியா என்று சொன்னால் தவறு. குவாத்தமாலா! நூறாண்டுக்கு முன் நம் பக்கத்திலிருந்து போன செடி. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருப்பது போடி வட்டத்தில், ஆனால் ஜீப் ஏறக் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போக வேண்டும். எழுத ஆரம்பித்தால் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

எழுதும் கைகளுக்கும் இந்த மண்ணில் பஞ்சமில்லை. ‘எழுத்து’ பத்திரிகையை 1959 ஜனவரியில் தொடங்கி, புத்தகக் கட்டைத் தானே சுமந்து போய் விற்ற சி.சு. செல்லப்பாவின் பூர்வீகம் சின்னமனூர். ‘கறுப்பு மலர்கள்’ கவிஞர் நா. காமராசன் போடி மீனாட்சிபுரத்துக்காரர். ‘நுண்வெளிக் கிரணங்கள்’ எழுதிய சு. வேணுகோபால் போடிக்கு அருகே அம்மாபட்டி. செல்லப்பாவுக்குப் பேப்பர் விலை, அச்சுக்கூலி, தபால் செலவு எல்லாம் இருந்தன. நமக்கு ஒரு போன் போதும்! தட்டச்சு வராதா? 2017-லேயே கூகுள் தமிழைக் குரல்வழித் தட்டச்சில் சேர்த்துவிட்டது. “எம்புட்டு” என்று சொன்னால் அது வேறு எதையாவது எழுதும், சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எழுதியதை அடுத்தவர் பரணில் மட்டும் வைக்காதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் ‘மரத்தடி’, ‘ராயர் காபி கிளப்’ என்று யாஹூ குழுமங்களில் தமிழர்கள் எழுதிக் குவித்தார்கள். 2019 கடைசியில் யாஹூ பழைய பதிவுகளை அழிக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. தனியே எடுத்து வைத்தவர்களுக்குத் தப்பியது, மற்றவர்களுக்குப் போயிற்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே போடுவதை உங்கள் பெயரில் ஓர் இலவசத் தளத்திலும் போடுங்கள். மாதம் ஒரு முறை பிரதி எடுத்து வையுங்கள்.

மற்றபடி விதிகள் அதிகமில்லை. ஏழு கட்டங்கள்கூட வேண்டாம், ஐந்து போதும்: தேதி, இடம், பார்த்தது, கேட்டது, ஓர் எண்ணிக்கை. காலை டீ முடிந்ததும் என்று ஒரு நேரம். ஐந்து வரி வந்தால் ஐந்து, ஒன்று வந்தால் ஒன்று. ஒரு நாள் விட்டுப்போனால் மன்னிப்புக் கடிதம் எழுதாமல் அடுத்த நாள் தேதியைப் போட்டுத் தொடர வேண்டும்.

2006-இல் பூத்த நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த பெரும் பூப்பு 2030-இல். அதைப் படம் பிடித்துப் போட ஆயிரம் பேர் மலையேறி வருவார்கள், அது அவர்கள் பாடு. போடி, சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம், கொட்டகுடிக்காரர்களே, நீங்கள் குறிஞ்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு உங்கள் தெருவில் என்ன நடந்ததோ அதைத் தேதி போட்டு ஒரு வரி, இன்று இரவுக்குள் தமிழில் ஏற்றிவிடுங்கள்.